லயத்து அடுப்படியும் தாமான் சமையலறையும்

பேராக் ஆற்றின் செண்டரோ அணை 1930-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. அது போய்ச் சேர்ந்தது கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய கப்பல்களுக்கும் ஈப்போ போன்ற நகரங்களுக்கும். ரப்பர்த் தோட்டத்து லயங்களில் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்குதான். பின்னாளில் ஜெனரேட்டர் வந்த தோட்டங்கள் பலவற்றிலும் பொழுது சாய்ந்த பிறகு சில மணி நேரமே மின்சாரம் இருக்கும். நம் வீட்டுச் சமையல் சாமான்களின் கதையை இங்கிருந்து தொடங்குவதே நியாயம். அம்மி நம்மோடு அத்தனை காலம் இருந்தது ருசிக்காக மட்டுமல்ல, வேறு வழி இல்லாததாலும்தான்.

அம்மியில் அரைத்த குழம்பின் ருசியைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். ருசி உண்மை. அந்த ருசிக்கு யார், எந்த நேரத்தில், எப்படிக் களைத்த உடம்போடு உழைத்தார் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

சுங்கை சிப்புட், பத்து காஜா, தெலுக் இந்தான் என்று எந்தப் பக்கத்துத் தோட்டத்தை எடுத்துக்கொண்டாலும் பால்வெட்டும் பெண்ணின் நாள் ஏறத்தாழ ஒன்றுதான். விடிவதற்கு வெகு முன்பே எழுந்து அடுப்பு மூட்ட வேண்டும். காய்ந்த பால்மர விறகு சட்டென்று பற்றும். மழையில் நனைந்திருந்தால் வீடெல்லாம் புகை. ஒரு போத்தலில் வரக்கோப்பி, தூக்குச்சட்டியில் பசியாற ஏதாவது. தூங்கும் பிள்ளையை அள்ளிக்கொண்டு போய் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டு என்னும் காலை ஆள் கணக்கெடுப்புக்கு ஓட வேண்டும். வெயில் ஏற ஏறப் பால் வடிவது குறையும் என்பதால் வெட்டுக்குத் தாமதம் ஆகாது. மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து, வாளி சுமந்து, பால் நிறுத்து முடித்து வீடு திரும்பிய பிறகுதான் அம்மியே தொடங்கும். காலையில் உளி பிடித்த அதே மணிக்கட்டுதான் பிற்பகலில் குழவியைத் தள்ளியது. வற்றல் மிளகாய், மல்லி, மஞ்சள், கடைசியில் தேங்காய். மிளகாய் எரிச்சல் இரவு பிள்ளையைத் தூக்கும்போதும் கையில் இருக்கும். ஆட்டுக்கல்லில் மாவாட்டுவது இன்னும் பெரிய வேலை. இட்லி, தோசை அன்றாடப் பலகாரமாக இல்லாமல் தீபாவளிக்கும் விருந்தாளிக்கும் உரியதாக இருந்ததற்கு அந்தக் கல்லின் கனமும் ஒரு காரணம்.

மற்ற சாமான்கள் கொஞ்சம்தான். மீன் குழம்புக்கும் பழைய சோற்றுக்கும் மண்சட்டி. வறுக்கவும் பொரிக்கவும் சீனர் கடையில் வாங்கிய இரும்புக் குவாலி. கோலகங்சார் பக்கம் சாயோங்கில் மலாய்ப் பெண்கள் வனையும் கறுப்பு மண் கூஜாவில் தண்ணீர் குளுகுளுவென்று இருக்கும். உமியில் புதைத்து எடுப்பதால் வரும் கறுப்பு அது. அரிசி அளக்கப் பால் டின். அந்தத் தகரத்தின் மேல் பூச்சு ஈயம் என்பது கிந்தாக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது, பிறகு கேஸ் வந்தது. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். சில தோட்டங்கள் தாமான்களாயின. வேலையும் வீடும் ஒன்றாகப் பறிபோனதால் குடும்பங்கள் புந்தோங்குக்கும் ஈப்போவைச் சுற்றியுள்ள மலிவு வீடுகளுக்கும் வந்து சேர்ந்தன. லாரியில் ஏறிய சாமான்களில் ஆட்டுக்கல்லுக்கு இடமில்லை. மாடி வீட்டில் அதை வைத்து ஆட்டக் கீழ் வீட்டுக்காரர் விடப்போவதுமில்லை. விறகுக்குப் பதில் இன்று 14 கிலோ கேஸ் சிலிண்டர். அரசாங்க மானியத்தால் பல ஆண்டுகளாக அதன் விலை 26 வெள்ளி 60 காசு.

புதிதாக வந்தவற்றில் எனக்கு முதன்மையானது ரைஸ் குக்கர்தான். ஜப்பானில் தோஷிபா நிறுவனம் 1955 டிசம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்த தானியங்கி மின் குக்கரின் வழிவந்தது அது. பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 பாகையைத் தாண்டாது. அரிசி தண்ணீரை உறிஞ்சி முடித்ததும் அடிப்பாகத்தின் சூடு ஏறும். அந்த ஏற்றத்தில் விசை தானே விழுந்துவிடும். பால் டின்னின் இடத்தில் 180 மில்லி அளவுக் கப் வந்தது. கொதிக்கும் பானையைச் சாய்த்துக் கஞ்சி வடித்துக் காலில் கொட்டிக்கொள்ளும் ஆபத்து போனது. உப்புப் போட்டுக் குடித்த வடிகஞ்சியும் கூடவே போனது, அது இழப்புதான். ஆனாலும் அடுப்பருகே நிற்காமல் சோறு ஆகும் என்பது ஷிப்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய விடுதலை! ஈப்போ தொழிற்சாலைகளுக்குப் போன தோட்டத்து மகள்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அரைப்பதில் கதை வேறு. பிளெண்டர் வேகமாகச் சுழன்று வெட்டுகிறது, அம்மி நசுக்குகிறது. நசுங்கும்போது மிளகாயின் எண்ணெயும் மல்லியின் வாசமும் முழுதாக வெளியே வரும். தேங்காய்ச் சட்னிக்கு பிளெண்டர் போதும்; கோழிக் குழம்பு மசாலாவுக்கு எனக்குப் போதாது. மாவுக்கு மட்டும் நல்ல விடை கிடைத்துவிட்டது. புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் வெட் கிரைண்டரில் கல்லே சுழல்கிறது. மெதுவாக ஓடுவதால் மாவு சூடேறாது, உளுந்து பொங்கி வரும், புளிப்பும் சீராக ஏறும். ஈப்போ லிட்டில் இந்தியாவின் ஜாலான் லஹாட் பக்கம் தீபாவளி நெருக்கத்தில் போனால், எவர்சில்வர் அடுக்குகளோடு மேசை கிரைண்டரையும் விலை பேசும் குடும்பங்களைப் பார்க்கலாம். பாட்டிகளின் கல் நிற்கவில்லை. கையிலிருந்த வேலை மோட்டாருக்குப் போயிருக்கிறது. இது நல்ல மாற்றம், முழு மனத்தோடு வரவேற்கிறேன்.

மாறாததும் உண்டு. புந்தோங்கின் கச்சாங் பூத்தே வீடுகளில் முறுக்கும் பக்கோடாவும் வேகும் பெரிய இரும்புச் சட்டியை எதுவும் வெல்லவில்லை. கனத்த இரும்பு சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால், பச்சை மாவு விழுந்தாலும் எண்ணெய் சட்டென்று ஆறாது. முறுக்கு எண்ணெய் குடிக்காமல் மொறுமொறுவென்று வரும். வீட்டில் பழைய குவாலி இருந்தால் துரு தேய்த்து எண்ணெய் பூசி வையுங்கள். ஒட்டாத பூச்சுச் சட்டி பூச்சு போனதும் குப்பைக்குப் போகும். இரும்பு பேரப்பிள்ளைக்கும் வரும்.

புதுக் குடித்தனம் தொடங்கும் பிள்ளைகளுக்கு என் பட்டியல் சிறியது: ஒரு ரைஸ் குக்கர், ஒரு மேசை கிரைண்டர், ஒரு இரும்புக் குவாலி, மீன் குழம்புக்கு ஒரு மண்சட்டி. இண்டக்‌ஷன் அடுப்பு வாங்குமுன் யோசியுங்கள், மண்சட்டி அதில் சூடேறாது. ஏர் பிரையர் காத்திருக்கலாம். தோட்டத்திலிருந்து வந்த அம்மி யார் வீட்டுக் கொல்லையிலாவது கிடந்தால் எடுத்துக் கழுவி வையுங்கள். வாரத்தில் ஒருநாள் மசாலா அரையுங்கள். அந்த முறை வீட்டு ஆண்பிள்ளைகளுடையதாக இருக்கட்டும்.