மாலையில் அழித்துவிடலாம்

புதிதாக ஒரு சர்வர் வேண்டுமென்றால் முன்பெல்லாம் மேலதிகாரி ஒப்புதல், கொட்டேஷன், பர்ச்சேஸ் ஆர்டர் என்று வாரக்கணக்கில் இழுக்கும். அதனால் டெஸ்டிங்குக்கென்று இருக்கும் ஒரே சர்வரை மொத்த டீமும் முறைவைத்துப் பயன்படுத்தும். ஒருவர் அரைகுறையாக ஏற்றிய வேலை இன்னொருவரின் சோதனையைக் கெடுக்கும். பிழை யாருடைய கோடில் என்று தேடியே பாதி நாள் போய்விடும்.

2006-ல் அமேசான் தன் எஸ்3 சேமிப்பகத்தையும் இசி2 வாடகை சர்வர்களையும் திறந்துவிட்டது. கிளவுட் என்றதும் எல்லோரும் இன்ஸ்டாகிராமைச் சொல்வார்கள். 2010 அக்டோபரில் ஒற்றை சர்வரில் தொடங்கி, முதல் நாளே 25,000 பேர் வந்து சேர, அவசரமாக இசி2-வுக்கு இடம்பெயர்ந்த செயலி அது. அப்படிப்பட்ட கூட்டம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? பத்துப் பேர் கொண்ட டீமுக்குத் தினமும் கிடைக்கும் பலன்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒவ்வொரு டெவலப்பரும் தன் மாற்றத்துக்கென்று ஆப், டேட்டாபேஸ் எல்லாவற்றையும் தனி நகலாகச் சில நிமிடங்களில் எழுப்பிக்கொள்ளலாம். டெஸ்டர் பார்த்து முடித்ததும் மாலையில் அழித்துவிடலாம். நேற்று வேலையில் சேர்ந்தவரும் பயமில்லாமல் கைவைக்கலாம்.

அழிக்க மறந்தால் பில் ஏறும். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு டீம் வேலை செய்வது ஏறக்குறைய 50 மணி நேரம். இரவிலும் வார இறுதியிலும் டெஸ்ட் சர்வர்கள் தானாக அணையும்படி வைத்தாலே அவை ஓடும் நேரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மிச்சம்.

பேக்கப் விஷயத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், வேறு சர்வர் என்று நினைத்து, ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸின் கோப்புகளை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடிப் போனால், எஸ்3-யில் இருக்க வேண்டிய இடம் காலி. டேட்டாபேஸ் மென்பொருளின் பதிப்பு பொருந்தாததால் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதை எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் யாரையும் எட்டவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் தற்செயலாக எடுத்துவைத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. இத்தனைக்கும் கிட்லேப் அப்போது ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசாஃப்டின் கிளவுடில்.

கிளவுட் தானாக எதையும் காப்பாற்றாது. ஒத்திகை பார்ப்பதை மலிவாக்கித் தருகிறது. மாதம் ஒருமுறை, முந்தைய இரவின் பேக்கப்பைப் புது சர்வரில் ஏற்றிப் பாருங்கள். லாகின் ஆகிறதா, கடைசிப் பதிவு எந்த நேரத்துடையது, மீட்க எத்தனை நிமிடம் ஆனது என்று டீம் முழுவதும் பார்க்கும் இடத்தில் எழுதிவையுங்கள். பிறகு அந்த சர்வரை அழித்துவிடலாம்.