நம்மை நடக்க வைக்கும் சமூக ஊடக வசதி: எதை எண்ண வேண்டும்?

புதிதாகக் கம்ப்யூட்டரோ ஸ்மார்ட் போனோ வாங்கியவர்கள் சில நாட்களிலேயே ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். வாட்ஸ்அப், பேஸ்புக் போன்றவற்றைத் திறந்தால் நேரம் போவதே தெரிவதில்லை. போட்ட படத்திற்கு எத்தனை லைக் வந்தது, யார் பதில் எழுதினார்கள் என்று திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். உட்கார்ந்த இடத்தை விட்டு எழுவதே இல்லை. இதே ஆர்வத்தைத் திசை திருப்பி, நம்மை எழுந்து நடக்க வைக்க முடியாதா? முடியும். அப்படிப்பட்ட வசதி எப்படி இருக்க வேண்டும், புரோகிராம் எழுதத் தெரியாத நீங்களும் அதை உங்கள் கம்ப்யூட்டரிலேயே எப்படி அமைத்துக் கொள்ளலாம் என்று இங்கு பார்க்கலாம்.

இது பொழுதுபோக்கிற்கான விஷயம் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் நடந்த ஆய்வின் முடிவுகள் 2023ல் வெளியாயின. நாட்டில் சுமார் 10 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், மேலும் 13 கோடிக்கும் மேற்பட்டோர் அதன் விளிம்பில் நிற்பதாகவும் அந்த ஆய்வு மதிப்பிட்டது. விளிம்பில் நிற்பவர்கள் உணவையும் நடையையும் சரிசெய்து கொண்டால் பலர் தப்பிக்கலாம். இது தெரியாதவர் யாரும் இல்லை. தெரிந்ததைத் தினமும் செய்வதுதான் கஷ்டம். அங்குதான் போனும் கம்ப்யூட்டரும் கை கொடுக்கின்றன.

சென்னையில் ஒரு சோதனை

இதற்குச் சான்று நம் ஊர்ப் பக்கமே இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 537 ஆண்களை இரு பிரிவாகப் பிரித்தது. இரு பிரிவினருக்கும் தொடக்கத்தில் உணவு, உடற்பயிற்சி பற்றிய அறிவுரை தரப்பட்டது. ஒரு பிரிவினருக்கு மட்டும் அந்த அறிவுரையை நினைவூட்டும் எஸ்.எம்.எஸ். செய்திகள் தொடர்ந்து அனுப்பப்பட்டன. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, செய்தி கிடைக்காத பிரிவில் 100க்கு 27 பேருக்குச் சர்க்கரை நோய் வந்திருந்தது. செய்தி கிடைத்த பிரிவில் 18 பேருக்குத்தான் வந்திருந்தது. முடிவுகள் 2013ல் வெளியாயின. இதற்கு விலை உயர்ந்த போனோ, கையில் கட்டும் கருவியோ தேவைப்படவில்லை. சாதாரண போனும், விடாத நினைவூட்டலும் போதுமாக இருந்தன.

பேச்சா, போட்டியா?

எஸ்.எம்.எஸ். தனி ஒருவருக்கு வருவது. சமூக ஊடகம் என்றால் பலர் சேர்ந்து இருப்பார்கள். அவர்களை ஒருவரோடு ஒருவர் பேச விட்டால் போதுமா?

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 790 மாணவர்களைக் கொண்டு 11 வாரங்கள் நடத்திய சோதனையின் முடிவு 2016ல் வெளியானது. சில குழுக்களுக்கு உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் ஊக்குவித்துப் பேசும் வசதி மட்டும் தரப்பட்டது. வேறு சில குழுக்களுக்கு, உடற்பயிற்சி வகுப்பிற்கு மற்றவர்கள் எத்தனை முறை வந்தார்கள் என்ற ஒப்பீடு காட்டப்பட்டது. ஒப்பீட்டைப் பார்த்தவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வகுப்புகளுக்கு வந்தார்கள். பேச்சு மட்டும் இருந்த குழுக்களோ, எந்த வசதியும் தரப்படாதவர்களைக் காட்டிலும் குறைவாகவே வந்தன. நம் வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் நூறு "குட்மார்னிங்" வந்தும் யாரும் நடக்கப் போகாததன் காரணம் இப்போது புரிகிறதா?

இங்கு கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கே ஒப்பிடப்பட்டது யார் வேகமாக ஓடினார் என்பதல்ல. யார் எத்தனை முறை வந்தார் என்பதுதான்.

10,000 அடி எங்கிருந்து வந்தது?

பல ஆப்களில் தினமும் 10,000 அடி நடக்க வேண்டும் என்ற இலக்கு இருக்கும். இது டாக்டர்கள் கணக்கிட்டுச் சொன்ன எண் அல்ல. 1965ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயருக்கே "பத்தாயிரம் அடி மீட்டர்" என்று பொருள். அந்தப் பெயரிலிருந்து பரவிய எண் இது. சராசரியாக 72 வயதுடைய 16,741 அமெரிக்கப் பெண்களை ஆராய்ந்து 2019ல் வெளியான ஆய்வில், தினமும் சுமார் 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு விகிதம், 2,700 அடி நடந்தவர்களைவிடக் கணிசமாகக் குறைந்து காணப்பட்டது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை.

போனில் உள்ள சென்சார் நம் உடலின் அசைவைக் கொண்டுதான் அடிகளை எண்ணுகிறது. போனைக் கையில் வைத்து ஆட்டினாலும் எண்ணிக்கை ஏறக்கூடும். அடிகளை வைத்துப் பரிசு கொடுத்தால் சிலர் நடப்பதை விட்டுவிட்டு ஆட்டத் தொடங்குவார்கள்.

எண்ண வேண்டியது நாட்களை

மதுரை மாரியம்மன் தெப்பக்குளத்தை எடுத்துக் கொள்வோம். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அரை மணி நேரத்தில் 25 வயது இளைஞர் நான்கு சுற்று ஓடிவிடுவார். முழங்கால் வலி உள்ள 65 வயதுப் பாட்டிக்கு ஒரு சுற்றுதான் முடியும். கிலோமீட்டரை வரிசைப்படுத்தினால் பாட்டி என்றும் கடைசி. இரண்டு வாரத்தில் அவர் குரூப்பை விட்டே விலகிவிடுவார். நடை யாருக்கு அதிகம் தேவையோ, அவரையே வெளியேற்றும் வசதியால் என்ன பயன்?

"இன்று அரை மணி நேரம் நடந்தீர்களா?" என்று மட்டும் கேட்டால் இருவருக்கும் ஒரே மதிப்பெண். போட்டியும் இருக்கும், பாட்டியும் இருப்பார். வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அரை மணி வீதம் ஐந்து நாள் என்றால் கணக்குச் சரியாகிவிடும். மீதி இரண்டு நாள் விடுமுறை. சித்திரைத் திருவிழாக் கூட்டமோ, அக்னி நட்சத்திர வெயிலோ, உறவினர் வீட்டு விசேஷமோ குறுக்கிட்டாலும் கணக்கு கெடாது. ஒரு நாள் தவறினால் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிடும் ஆப்கள் நம்மைச் சோர்வடையச் செய்துவிடும்.

உங்கள் கம்ப்யூட்டரில் அமைக்க

1. எக்ஸெல் திறந்து, முதல் நெட்டு வரிசையில் குடும்பத்தினர் அல்லது நண்பர்கள் ஐந்தாறு பேரின் பெயர்களை டைப் செய்திடுங்கள். அடுத்த ஏழு வரிசைகளுக்குத் திங்கள் முதல் ஞாயிறு வரை தலைப்பிடுங்கள். எட்டாவதற்கு "மொத்தம்" எனப் பெயர் கொடுங்கள்.

2. எல்லா நாட்களுக்கும் முதலில் 0 போட்டுவிடுங்கள். அரை மணி நடந்த நாளில் அதை 1 ஆக மாற்ற வேண்டும். கட்டத்தைக் காலியாக விட்டால் ஆட்டோசம் சில எண்களை விட்டுவிட்டுக் கூட்டக்கூடும்.

3. "மொத்தம்" கட்டத்தில் கிளிக் செய்து, ஹோம் டேபில் உள்ள ஆட்டோசம் பட்டனை அழுத்தி என்டர் தட்டுங்கள். பிறகு அந்தக் கட்டத்தைக் காப்பி செய்து, மற்றவர்களின் "மொத்தம்" கட்டங்களில் பேஸ்ட் செய்திடுங்கள்.

4. மொத்தக் கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, கண்டிஷனல் பார்மட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், கிரேட்டர் தேன் எனச் சென்று 4 எனக் கொடுத்து, பச்சை நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து நாள் நடந்தவரின் கட்டம் தானே பச்சையாகும்.

5. நடந்தவர்களைக் கேட்டறிய, வாட்ஸ்அப் குரூப்பில் "இன்று நடந்தேன்" என்ற வாக்கெடுப்பை மாலையில் போடுங்கள். ஞாயிறு இரவு பட்டியலின் படத்தை அனுப்புங்கள். இதற்கு மேல் செய்தி வேண்டாம். அதிகமானால் குரூப்பை மியூட் செய்துவிடுவார்கள்.

மறைக்க வேண்டியவை

ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சி ஆப், தன் உறுப்பினர்கள் ஓடிய பாதைகளை உலக வரைபடமாக 2017ல் வெளியிட்டது. வெளியில் தெரியாத ராணுவ முகாம்களின் இருப்பிடம்கூட அதில் தெரிவது 2018 ஜனவரியில் கண்டுபிடிக்கப்பட்டது. வீரர்கள் அங்கே ஓடியதுதான் காரணம். உங்கள் வீடு எங்கே, எத்தனை மணிக்குப் பூட்டிக் கிடக்கும் என்பதும் இப்படித் தெரிந்துவிடும். எனவே நடந்த பாதையின் படத்தைப் பொதுவில் போடாதீர்கள். உடல் எடை, சர்க்கரை அளவு ஆகியவற்றையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். அவை டாக்டருக்கும் உங்களுக்கும் மட்டும்.

இன்னொரு எச்சரிக்கை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும், இதய நோய் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டபின் நடையைத் தொடங்குங்கள். குரூப்பில் வரும் பார்வர்டு செய்தியைப் படித்து மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

நான்கு வாரம் இதைச் செய்து பாருங்கள். யாருடைய கட்டம் பச்சையாகவில்லையோ, அவரைக் கேலி செய்யாமல் மறுநாள் காலை உங்களுடன் அழைத்துச் செல்லுங்கள்.