வீட்டுத் தமிழா குற்றவாளி?

பையன் பேச்சில் சுட்டி. எழுத்துக் கூட்டுவதில்தான் திணறல். பள்ளியில் கேட்டால், "வீட்டில் தமிழை விட்டு இந்தி பேசுங்கள்" என்பார்கள். தில்லித் தமிழர்க்குப் பழகிய பதில்தான். தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். வீட்டு மொழியை மாற்றுவதால் டிஸ்லெக்சியா தீராது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லாத கற்றல் குறைபாடு, 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் அதைச் சீக்கிரமே கண்டறிய வேண்டும் என்கிறது 16-ஆம் பிரிவு. இதைக் குறிப்பிட்டு, பரிசோதனை கோரி எழுத்தில் மனுக் கொடுங்கள். நகலில் பள்ளி முத்திரை வாங்குங்கள். வாய்ப்பேச்சு அடுத்த ஆசிரியை வந்ததும் மறந்துபோகும். சான்றிதழ் இருந்தால் 3 மணி நேர சி.பி.எஸ்.இ. தேர்வுக்கு 1 மணி கூடுதல். மொழிப் பாட விலக்கும் கேட்கலாம். இந்தி, ஆங்கிலம், சமஸ்கிருதம் என்று மல்லாடும் நம் பிள்ளைக்கு அதுவே பெரிய மூச்சு.