விஜயந்தா டாங்கியின் அளவு மாதிரி

விஜயந்தா டாங்கியின் அளவு மாதிரி என்பது, இந்தியாவில் உற்பத்தி செய்யப்பட்ட முதல் முதன்மைப் போர் டாங்கியான விஜயந்தாவை, அதன் எல்லா அளவுகளையும் ஒரே விகிதத்தில் குறைத்து உருவாக்கும் சிற்றுருவம் ஆகும். போர் வாகனங்களின் அளவு மாதிரிகளைக் கட்டுவது பல நாடுகளில் வேரூன்றிய ஒரு பொழுதுபோக்குக் கலை. செஞ்சூரியன், பாட்டன், டி-55 போன்ற டாங்கிகளுக்கு உதிரிப் பாகங்களாக அச்சில் வார்க்கப்பட்ட நெகிழிப் பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. சென்னையை அடுத்த ஆவடியில் பிறந்த விஜயந்தாவை மாதிரியாக்க விரும்புபவரோ பெரும்பாலும் தகடு வெட்டித் தாமே கட்ட வேண்டியிருக்கிறது. எனவே இம்மாதிரியில் ஒட்டுவதைக் காட்டிலும் ஆராய்வதே பெரிய வேலையாகும்.

மூல வாகனம்

பிரித்தானியாவின் விக்கர்சு நிறுவனத்துடன் 1961 ஆம் ஆண்டு செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையின்படி விஜயந்தா வடிவமைக்கப்பட்டது. முதல் மாதிரி வண்டிகள் 1963 இல் முடிக்கப்பட்டன. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965 ஆம் ஆண்டு உற்பத்தி தொடங்கி, 1980களில் நிறைவடைந்தது. 1971 ஆம் ஆண்டின் இந்திய-பாக்கித்தான் போரின்போது இது படையில் இருந்தது. 2000களின் இறுதியில் பணியிலிருந்து விலக்கப்பட்டது. 105 மில்லிமீட்டர் விட்டமுள்ள எல்7 வகைப் பீரங்கி, நால்வர் குழு, ஏறக்குறைய 39 டன் எடை, பக்கத்திற்கு ஆறு தாங்கு சக்கரங்கள், அவற்றின் மேலே சங்கிலித் தடத்தைத் தாங்கும் மூன்று சிறு உருளைகள் ஆகியவை இதன் அடையாளங்கள்.

அளவுத்திட்டம்

கணிதப் பாடத்தில் வரைபடத்திற்கு எழுதப்படும் அளவுத்திட்டமே இங்கும் பயன்படுகிறது. 1:35 என்றால் மாதிரியின் 1 செ.மீ. உண்மை வண்டியின் 35 செ.மீ. ஆகும். டாங்கி மாதிரிகளில் 1:35, 1:48, 1:72 ஆகிய விகிதங்கள் பரவலானவை. இவற்றுள் 1:35 என்ற முழுமையற்ற எண் எப்படி நிலைத்தது என்பது சுவையான செய்தி. ஜப்பானிய நிறுவனமான தமியா 1960களின் தொடக்கத்தில் செருமனியின் பாந்தர் டாங்கியை மின்னோடியுடன் ஓடும் பொம்மையாக வெளியிட்டது. மின்கலமும் மின்னோடியும் உள்ளே அடங்கும்படி உடலின் அளவை முடிவு செய்துவிட்டுப் பின்னர் கணக்கிட்டபோது அது சற்றேறக்குறைய 1:35 ஆக இருந்தது. உலகம் முழுவதும் பின்பற்றும் ஒரு தரஅளவு ஒரு மின்கலத்தின் பருமனிலிருந்து பிறந்திருக்கிறது.

பீரங்கி முன்னோக்கிய நிலையில் விஜயந்தாவின் நீளம் 9.788 மீட்டர், அகலம் 3.168 மீட்டர். 1:35 இல் இவை முறையே 28 செ.மீ., 9 செ.மீ. ஆகும். 1:72 இல் நீளம் 13.6 செ.மீ. மட்டுமே. ஒப்பிட்டுப் பார்க்க, ஏறக்குறைய 59 மீட்டர் உயரமுள்ள திருவில்லிபுத்தூர்க் கோயில் இராசகோபுரத்தை 1:35 இல் செய்தால் அது 1.69 மீட்டர், அதாவது ஓர் ஆள் உயரம் இருக்கும். அதன் அடியில் நிற்கும் விஜயந்தா ஒரு பள்ளி அளவுகோலின் நீளத்தைத் தாண்டாது. பள்ளி அறிவியல் கண்காட்சிக்குத் தொலைவிலிருந்து தெரிய வேண்டுமெனில் 1:10 பொருத்தமானது. அப்போது நீளம் 98 செ.மீ.

நீளம் 35 இல் ஒரு பங்காகக் குறையும்போது கனஅளவு 42,875 இல் ஒரு பங்காகக் குறைகிறது. 39 டன் வண்டியை இந்தக் கணக்கில் குறைத்தால் 910 கிராம் வருகிறது. உள்ளீடற்ற நெகிழி மாதிரி அதைவிடவும் இலேசானது. இதனால்தான் பல மாதிரிகள் மண்தரையில் வைத்ததும் மிதப்பது போலத் தோன்றுகின்றன. மாதிரியின் எடை தரையை அழுத்தாது. தடம் பதிந்த பள்ளத்தை மாதிரியாளரே உருவாக்க வேண்டும். சங்கிலித் தடம் தன் எடையால் உருளைகளுக்கிடையே தொய்வதும் இவ்வாறே. நெகிழித் தடம் தானாகத் தொய்யாது. அதை இழுத்து ஒட்டியோ நூலால் கட்டியோ தொய்வை வரவழைக்கின்றனர்.

சான்றுகளும் அவற்றின் பொய்களும்

பணி ஓய்வு பெற்ற விஜயந்தாக்கள் ஆவடியிலும் நாட்டின் பல நகரங்களிலும் பீடங்களில் நிறுத்தப்பட்டுள்ளன. மகாராட்டிராவின் அகமதுநகரில் (தற்போது அகில்யாநகர்) உள்ள குதிரைப்படை டாங்கி அருங்காட்சியகத்திலும் இதைக் காணலாம். நேரில் சென்று படம் எடுத்து வந்தால் போதும் என்று தோன்றலாம். ஆனால் பீடத்தில் நிற்கும் டாங்கி, போரில் ஓடிய டாங்கியின் நேர்மையான சாட்சி அன்று.

காட்சிக்கு வைக்கப்படும் வண்டிகளில் பொதுவாக இயந்திரத் துப்பாக்கிகளும், குறிநோக்கும் கருவிகளும், வானலைக் கம்பிகளும் கழற்றப்பட்டிருக்கும். கதவுகள் பற்றவைக்கப்பட்டும் பீரங்கியின் வாய் அடைக்கப்பட்டும் இருக்கும். மண்வெட்டி, கடப்பாரை, இழுவைக் கம்பிவடம் போன்ற வெளிப்புறக் கருவிகள் இருந்த இடத்தில் வெறும் கொக்கிகளே எஞ்சும். எல்லாவற்றையும் விட வண்ணமே அதிகம் ஏமாற்றுகிறது. ஆண்டு விழாக்களை ஒட்டி மேலும் மேலும் பூசப்பட்ட பளபளப்பான எண்ணெய் வண்ணம் பற்றவைப்புத் தழும்புகளையும் திருகாணித் தலைகளையும் மூழ்கடித்துவிடுகிறது. சக்கரங்களின் ரப்பர் விளிம்பு, உருக்குத் தடம், பீரங்கி யாவும் ஒரே பச்சையில் மின்னுகின்றன. இதை அப்படியே பார்த்துச் செய்த மாதிரி, பீடத்தின் மாதிரியாக இருக்குமே தவிர 1971 இன் டாங்கியாக இராது.

ஆகவே அளவுகளுக்குக் காட்சி வண்டியையும், தோற்றத்திற்குப் பணிக்காலப் படங்களையும் நம்புவதே சரியான முறை. படைத்துறை வளாகங்களுக்குள் படம் எடுக்கத் தடை உண்டு என்பதால் பொதுமக்களுக்குத் திறந்துள்ள இடங்களில், தேவையான இசைவு பெற்று மட்டுமே அளக்கவோ படம் எடுக்கவோ வேண்டும்.

அளக்க இயலாத உறுப்புகளைப் படத்திலிருந்து விகிதக் கணக்கால் பெறலாம். வண்டியின் அகலம் 3.168 மீட்டர் என்பது தெரிந்த அளவு. நேர் முன்னாலிருந்து எடுத்த படத்தில் அகலம் 15 செ.மீ. ஆகவும் தடத்தின் அகலம் ஏதோவொரு அளவாகவும் இருந்தால், இரண்டின் விகிதத்திலிருந்து தடத்தின் உண்மை அகலம் கிடைத்துவிடும். கிட்ட நின்று எடுத்த படத்தில் முன்னுள்ள பகுதி பெருத்துக் காட்டும். எனவே தொலைவில் நின்று, உருப்பெருக்க வில்லையால் எடுப்பது நல்லது. நூல்களில் தரப்படும் உயரத்தைப் பயன்படுத்தும்போது எச்சரிக்கை தேவை. சிலர் சுழல்கூண்டின் கூரை வரைக்கும், சிலர் ஆணை அதிகாரியின் பார்வை மாடம் வரைக்கும், வேறு சிலர் அதன்மேல் பொருத்திய துப்பாக்கி வரைக்கும் அளந்திருப்பர்.

இன்னொரு கேள்வியும் முன்னதாகவே தீர்க்கப்பட வேண்டும்: மாதிரி எந்த ஆண்டைக் காட்டுகிறது? இருபதாண்டுகளுக்கும் மேல் பணியிலிருந்த வண்டி ஒரே உருவத்தில் இருப்பதில்லை. பீரங்கிக் குழலின் மேல் வெப்பக் காப்புறை உள்ளதா, புகைக்குண்டு வீசும் குழாய்கள் உள்ளனவா, பொருட்கூடைகள் எங்கே உள்ளன என்பவற்றைக் கொண்டு படத்தின் காலத்தை ஊகிக்கலாம். மேலும் சில மாதிரியாளர்கள் ஒரு குறிப்பிட்ட வண்டியின் ஒரு குறிப்பிட்ட நாளையே காட்ட முனைகின்றனர். பசந்தர் சமரில் டிசம்பர் 16, 1971 அன்று உயிர்நீத்து, பின்னர் பரம்வீர் சக்கர விருது பெற்ற இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்தர்பாலின் செஞ்சூரியன் டாங்கிக்கு 'ஃபமாகுஸ்தா' என்று பெயர். அந்தப் பெயரை எழுதிய நொடியிலிருந்து அந்த மாதிரி ஏதோவொரு செஞ்சூரியனாக இருக்க முடியாது; அதில் ஒரு கூடை இடம் மாறினாலும் அது வரலாற்றுப் பிழை.

கட்டுமானம்

விஜயந்தாவின் சுழல்கூண்டு வார்க்கப்பட்டதன்று. உருக்குத் தகடுகளை வெட்டிப் பற்றவைத்துச் செய்யப்பட்டது. இது மாதிரியாளருக்கு ஒரு வரம். வார்ப்பிரும்புக் குடம் போல வளைந்த டி-55 இன் கூண்டைத் தகட்டில் உருவாக்குவது கடினம். விஜயந்தாவையோ அட்டைப்பெட்டி போல விரித்து வரைந்து, வெட்டி, மடித்து ஒட்டலாம். 1 மி.மீ. பாலிஸ்டைரீன் தகடு உடலுக்கும் 0.5 மி.மீ. தகடு நுண் உறுப்புகளுக்கும் ஏற்றவை. தொடக்கநிலையில் விளம்பரப் பலகைகளுக்குப் பயன்படும் சன்போர்டிலும் செய்து பழகலாம். பாலிஸ்டைரீனுக்குரிய கரைப்பான் பசை, தகடுகளைக் கரைத்து ஒன்றாக்குவதால், உண்மைப் பற்றவைப்பைப் போலவே இணைப்பு வலுவாகிறது. அதன் ஆவி கேடு தரும் என்பதால் காற்றோட்டமான இடத்தில் கையாள வேண்டும். இடைவெளிகளுக்குப் பட்டி பார்த்து, உப்புத்தாளில் தேய்த்தபின், பற்றவைப்புத் தழும்பு இருக்க வேண்டிய இடத்தில் மென்மையான பட்டியை நூல்போல் இட்டுக் கத்தி முனையால் வரிவரியாக அழுத்துகின்றனர்.

சக்கரங்களே பொறுமையைச் சோதிப்பவை. பக்கத்திற்கு ஆறு இடங்கள், ஒவ்வோர் இடத்திலும் இரட்டைச் சக்கரம் என மொத்தம் 24 வட்டுகள் தேவை. கையால் 24 முறை செய்தால் 24 வகையாக அமையும். ஆகவே கடைசல் இயந்திரத்தில் ஒரே ஒரு வட்டைத் திருத்தமாகச் செய்து, சிலிக்கோன் ரப்பரில் அச்செடுத்து, ரெசினில் மற்றவற்றை வார்ப்பது வழக்கம். ஒட்டும்போது மாதிரியைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, எல்லாச் சக்கரங்களும் கண்ணாடியைத் தொடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு சக்கரம் அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றாலும், உண்மை வண்டியில் அது 17.5 மில்லிமீட்டர் ஆகும்.

இதே கணக்கு தகட்டின் தடிமனிலும் சிக்கலை உண்டாக்குகிறது. 80 மி.மீ. கவசம் 1:35 இல் 2.3 மி.மீ. ஆவதால் தொல்லையில்லை. ஆனால் 3 மி.மீ. தடிமனுள்ள சக்கரக் காப்புத் தகடு 0.09 மி.மீ. ஆகிவிடும். அதை நெகிழியில் செய்தால் பலகை போலத் தோன்றும். எனவே செப்புத் தகடோ சமையலறை அலுமினியத் தாளோ பயன்படுகிறது. செப்புத் தகடு உண்மைத் தகடு போலவே நெளியும் என்பது கூடுதல் நன்மை.

துப்பாக்கிக் குழல்களுக்கு மருந்துக்கடையே பண்டகசாலை. பீரங்கியின் 105 மி.மீ. துளை 1:35 இல் சரியாக 3 மி.மீ.; இதற்குப் பித்தளைக் குழாய் கிடைக்கும். இலக்கின் தொலைவை அறியச் சுடப்படும் 12.7 மி.மீ. துப்பாக்கியின் துளை 0.36 மி.மீ. ஆகிறது. 23 எண் ஊசியின் உட்துளை ஏறத்தாழ 0.34 மி.மீ. என்பதால், பயன்படுத்தாத புதிய ஊசியின் முனையை அரத்தால் தேய்த்து நேராக்கினால் குழல் தயார். 7.62 மி.மீ. துப்பாக்கிக்கு 27 எண் ஊசி பொருந்தும்.

வண்ணமும் மண்ணும்

பிரைமர் பூசிய பிறகு, அடிப்படைப் பச்சையை உண்மை வண்ணத்தைவிடச் சற்று வெளிறியதாகப் பூச வேண்டும். 28 செ.மீ. மாதிரியை அரை மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பது உண்மை வண்டியை 17.5 மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பதற்குச் சமம். அத்தொலைவில் வெளிச்சமும் தூசும் நிறத்தை மங்கச் செய்கின்றன. படைத்துறைப் பதிவெண், மேல்நோக்கிய அம்புக்குறி, படைப்பிரிவு அடையாளம் ஆகியவற்றைப் பளபளப்பான பூச்சின்மேல் நீர் ஒட்டுப்படமாக ஒட்டி, பிறகு ஒளிராத மேற்பூச்சால் மூடுகின்றனர். நீர்த்த கரும்பழுப்பு வண்ணத்தை இடுக்குகளில் ஓடவிட்டும், ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் விளிம்புகளைத் தடவியும் ஆழம் கூட்டப்படுகிறது.

தொடக்கநிலையாளர்கள் துருவை அளவுக்கு மீறிப் பூசுவது பொதுவாகக் காணப்படும் குறை. பணியிலுள்ள டாங்கியின் கவசத்தில் துரு வழிந்தோடுவதில்லை. அது கைவிடப்பட்ட வண்டியின் தோற்றம். தடத்தில் மட்டும் இளந்துரு படியலாம். அதிலும் தரையைத் தொடும் பகுதி தேய்ந்து மின்னும்.

மண்ணின் நிறம் போர்முனையின் நிறமாக இருக்க வேண்டும். 1971 இல் மேற்கு முனை சம்மு, பஞ்சாப் சமவெளியின் வண்டல் மண்ணிலிருந்து இராசத்தான் மணல் வரை நீண்டிருந்தது. இரண்டுமே வெளிறிய நிறத்தவை. சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணைச் சலித்துப் பூசினால் மாதிரி அழகாகவே இருக்கும். ஆனால் அந்த டாங்கி எல்லைக்குப் போகவேயில்லை என்றாகிவிடும். மண் பூசுவதில் தயக்கமுள்ளவர்கள் ஆவடித் தொழிற்சாலையிலிருந்து புதிதாக வெளிவரும் நிலையைத் தேர்ந்துகொள்ளலாம். அதில் மண் இல்லை, கீறல் இல்லை. ஆனால் கட்டுமானத்தின் ஒவ்வொரு குறையும் வெளிப்படையாகத் தெரியும்.

பிற வடிவங்கள்

விஜயந்தாவின் அடித்தளத்தைப் பயன்படுத்திக் கார்த்திக் என்னும் பாலம் அமைக்கும் வண்டியும், 130 மி.மீ. பீரங்கியைச் சுமந்த காட்டபுல்ட் என்னும் தானியங்கு பீரங்கி வண்டியும் உருவாக்கப்பட்டன. ஒருமுறை செய்த சக்கர அச்சு இவற்றுக்கும் உதவும். காட்டபுல்ட்டின் உடல் நீட்டப்பட்டிருப்பதால் பக்கத்திற்கு ஏழு தாங்கு சக்கரங்கள் உள்ளன. அதற்கு 28 வட்டுகள் வார்க்க வேண்டும்.