தள்ளிப்போடச் சொன்ன நீதி

2020 ஜூன் 6, சனிக்கிழமை. சிட்னி டவுன் ஹால் முன்பு பிற்பகல் 3 மணிக்கு இனவெறிக்கு எதிரான கூட்டம். முந்தைய நாள் மாலைதான் நியூ சவுத் வேல்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்திருந்தது. தடை இருப்பது தெரிந்தும் மதியத்திலிருந்தே ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். முகக்கவசம் அணிந்த மாணவர்கள், பூர்வகுடிக் கொடியைத் தோளில் போர்த்திய முதியவர்கள், குழந்தைகளைக் கூட்டிவந்த பெற்றோர். அபராதமோ கைதோ வரட்டும் என்ற துணிவோடு வந்தவர்கள் அவர்கள். மூன்று மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை விலக்கிவிட்ட செய்தி வந்தது. சட்டவிரோதம் என்று அறிவிக்கப்பட்ட கூட்டம் அந்தக் கணமே சட்டப்படியான கூட்டம் ஆனது. ஏறத்தாழ 20,000 பேர் ஊர்வலமாக நடந்தார்கள்.

மேல்முறையீட்டு நீதிமன்றம் கொரோனாக் கிருமியைப் பற்றியோ இனவெறியைப் பற்றியோ தீர்ப்புச் சொல்லவில்லை. அமைப்பாளர்கள் கொடுத்த அறிவிப்பைக் காவல்துறை முதலில் எதிர்க்கவில்லை, எனவே சட்டத்தின் பார்வையில் அது ஏற்கெனவே அனுமதி பெற்ற கூட்டம் என்பதுதான் அதன் முடிவு. நாடே கொந்தளித்த கேள்விக்கு ஒரு நடைமுறை நுணுக்கத்தில் விடை கிடைத்தது. பெருந்தொற்றுக் காலத்தில் இனவெறிக்கு எதிராக வீதிக்கு வரலாமா, கூடாதா என்ற அந்தக் கேள்வி அப்படியே நின்றது.

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலர் ஒருவரால் கொல்லப்பட்டு அன்றைக்குப் பன்னிரண்டு நாள். ஆனால் சிட்னி ஊர்வலத்தின் பதாகைகளில் அவர் பெயரோடு இன்னொரு பெயரும் இருந்தது: டேவிட் டங்கே ஜூனியர். டங்குட்டி இனத்தைச் சேர்ந்த 26 வயது இளைஞர். நீரிழிவு நோயாளி. 2015 டிசம்பர் 29 அன்று சிட்னியின் லாங் பே சிறை மருத்துவமனையில், பிஸ்கட் தின்பதை நிறுத்தச் சொன்னபோது மறுத்தார். காவலர்கள் அறைக்குள் புகுந்து அவரைக் குப்புறக் கிடத்தி அழுத்தினார்கள், வேறு அறைக்கு மாற்றினார்கள், மயக்க ஊசி போடப்பட்டது. “மூச்சு விட முடியவில்லை” என்று அவர் 12 முறை சொன்னார். சிறைக் காவலர்களின் கேமராவிலேயே அது பதிவாகியிருக்கிறது. விடுதலைக்குச் சில வாரங்களே இருந்த அவர் அங்கேயே இறந்தார். 2019 நவம்பரில் மரண விசாரணை முடிந்தது. காவலர்களிடம் தீய நோக்கம் இல்லை, பயிற்சிக் குறைபாடே காரணம் என்றது அறிக்கை. யார் மீதும் ஒழுங்கு நடவடிக்கைக்குக்கூடப் பரிந்துரை இல்லை.

ஆக, அமெரிக்காவைப் பார்த்து ஆஸ்திரேலியர்கள் கிளம்பிவிட்டார்கள் என்று அன்று பலர் சொன்னது பாதி உண்மைதான். ஃபிளாய்டின் மரணக் காணொளி வெளிவருவதற்கு நாலரை ஆண்டுகளுக்கு முன்பே, அவர் சொன்ன அதே சொற்களைச் சொல்லி ஒருவர் சிட்னியில் இறந்திருந்தார். காவலில் நேர்ந்த பூர்வகுடியினர் மரணங்களை ஆராய 1987இல் அமைத்த ராயல் கமிஷன் 99 மரணங்களை விசாரித்து, 1991இல் 339 பரிந்துரைகளைத் தந்தது. அந்த அறிக்கைக்குப் பிறகும் 400-க்கும் மேற்பட்ட பூர்வகுடியினர் காவலில் இறந்திருந்தார்கள். மக்கள்தொகையில் அவர்கள் 3 சதவீதத்துக்குச் சற்று மேல். சிறையில் இருப்பவர்களிலோ நாலில் ஒருவருக்கு மேல் அவர்கள். அன்று வீதிக்கு வந்தவர்கள் தூக்கிவந்தது இந்தக் கணக்கைத்தான்.

எதிர்த்தவர்களின் வாதத்தையும் அதே கவனத்தோடு கேட்க வேண்டும். ஜூன் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் கொரோனாவால் இறந்தவர்கள் ஏறத்தாழ 100 பேர் மட்டுமே. மற்ற நாடுகளில் பிணங்கள் குவிந்துகொண்டிருந்தபோது அந்த நாடு தப்பித்ததற்குக் காரணம், மக்கள் வீட்டுக்குள் அடங்கியிருந்தது. அதற்குக் கொடுத்த விலை சிறிதல்ல. மார்ச் இறுதியிலிருந்து இறுதிச்சடங்குக்குப் பத்து பேர், திருமணத்துக்கு ஐந்து பேர் என்று வரம்பு. பெற்றவளை வழியனுப்ப எந்தப் பத்துப் பேர் என்று குடும்பங்கள் பெயர் எண்ணி முடிவு செய்தன. ஏப்ரல் 25, போரில் இறந்தவர்களை நினைவுகூரும் அன்ஸாக் நாள். அணிவகுப்புகள் ரத்தாகி, முன்னாள் வீரர்கள் விடியற்காலையில் தங்கள் வீட்டு வாசலில் மெழுகுவத்தியோடு தனியாக நின்றார்கள். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டவர்கள் தொலைக்காட்சியில் இருபதாயிரம் பேரைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

பிரதமர் ஸ்காட் மாரிசன் அந்த உணர்வைத்தான் பிடித்துக்கொண்டார். போகாதீர்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். இறுதிச்சடங்குகளையும் அன்ஸாக் நாளையும் நினைவூட்டினார். மறுபடி கூடினால் வழக்குப் போட வேண்டும் என்றார். நிதித்துறையில் இருந்த மத்திய அமைச்சர் மத்தியாஸ் கார்மன், ஊர்வலம் போனவர்களைச் சுயநலக்காரர்கள் என்றார். இறுதிச்சடங்கில் பங்கேற்க முடியாத குடும்பங்களின் வேதனை நியாயமானது. அந்த வேதனையை எடுத்து இன்னொரு துக்கத்தின் மேல் எறிந்தது நியாயமாகாது. டேவிட் டங்கேயின் தாயும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்தான். அவரைச் சுயநலக்காரர் என்று சொல்ல ஓர் அமைச்சருக்கு எப்படி நா எழும்பியது?

அதே வாரத்தில், ஜூன் 11 அன்று, ஆஸ்திரேலியாவில் அடிமைமுறை இருந்ததில்லை என்றும் மாரிசன் வானொலியில் சொன்னார். கூலியில்லாமல் மாட்டுப் பண்ணைகளில் உழைத்த பூர்வகுடியினரும், பசிபிக் தீவுகளிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்களும் அந்நாட்டு வரலாற்றில் இருக்கிறார்கள். மறுநாளே அவர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. கூட்டம் எதற்கு, இணையத்தில் எழுதினால் போதாதா என்று கேட்டவர்களுக்கு அந்த ஒரு வாக்கியமே பதில்.

ஊர்வலத்தை ஆதரித்தவர்களும் எல்லா இடத்திலும் சரியாக வாதாடவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அந்தச் சறுக்கலின் விலை பெரிது. அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவ, பொதுச் சுகாதாரத் துறையினர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று அந்த ஜூனில் வெளியானது. இனவெறியே ஒரு பொதுச் சுகாதாரக் கேடு, எனவே அதற்கு எதிரான போராட்டங்களை ஆதரிக்க வேண்டும் என்றது கடிதம். இந்த ஆதரவு எல்லாக் கூட்டங்களுக்கும் பொருந்தாது, குறிப்பாக ஊரடங்கை எதிர்க்கும் கூட்டங்களுக்குப் பொருந்தாது என்றும் சேர்த்துச் சொன்னது. ஏப்ரல் இறுதியில் மிச்சிகன் சட்டமன்றக் கட்டடத்துக்குள் துப்பாக்கியோடு நுழைந்தவர்களை நினைத்தால் அந்த எரிச்சல் புரிகிறது. இனவெறி உயிர்களைக் குடிக்கிறது என்பதும் உண்மை. ஆனால் கிருமிக்குக் கோஷம் தெரியாது. கூட்டத்தின் நோக்கத்தைப் பார்த்து மருத்துவர் அனுமதிச் சீட்டுக் கொடுத்தால், நேற்றுவரை அவர் பேச்சை நம்பி வீட்டிலிருந்தவர் நாளை எதை நம்புவார்?

அந்தக் கடிதத்திலேயே நல்ல பகுதியும் இருந்தது. முகக்கவசம் அணியுங்கள், இடைவெளி விடுங்கள், திறந்தவெளியில் கூடுங்கள் என்ற அறிவுரைகள் அவை. கண்ணீர்ப்புகை இருமலைக் கிளப்பும், மூடிய வண்டிகளில் கைதிகளை அடைப்பது தொற்றைப் பரப்பும் என்ற எச்சரிக்கைகளும் அந்த நாள்களில் மருத்துவர்களிடமிருந்து வந்தன. இவை யார் கூடினாலும் பொருந்தும். இதை முதலில் வைத்து, தேவாலயத்துக்கும் கல்லறைக்கும் இதையே நீட்டியிருந்தால் சண்டையின் பாதி அடங்கியிருக்கும். அப்படி நடக்கவில்லை. நியூயார்க்கில் ஆளுநரும் மேயரும் ஊர்வலங்களை ஊக்குவித்துக்கொண்டே வழிபாட்டுக் கூட்டங்களுக்குக் கடும் வரம்பு வைத்தார்கள். ஜூன் 26 அன்று கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அதைச் சுட்டிக்காட்டி, திறந்தவெளி வழிபாட்டுக்கு விதித்த வரம்பை நிறுத்திவைத்தார்.

ஆஸ்திரேலியாவில் அன்று ஒரே நாளில் வெவ்வேறு விதிகள் நடந்தன. அடிலெய்டில் மாநிலக் காவல்துறைத் தலைவரே விதிவிலக்கு அளித்தார், கூட்டம் அமைதியாக நடந்து முடிந்தது. மெல்போர்னில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். தன்னார்வலர்கள் முகக்கவசமும் கைச்சுத்திகரிப்பானும் கொடுத்தபடி இருந்தார்கள். அமைப்பாளர்களுக்கு ஆளுக்கு 1,652 டாலர் அபராதம். அடிலெய்டு வழிதான் சரி என்பது என் எண்ணம். வருவார்கள் என்று தெரிந்துவிட்ட கூட்டத்தைத் தடுக்க நீதிமன்றம் ஓடுவதைவிட, இடத்தையும் இடைவெளியையும் அவர்களோடு பேசி முடிவு செய்வதே உயிர்களைக் காக்கும்.

மெல்போர்ன் ஊர்வலம் சுமந்த பழி வேறு வகை. அதில் கலந்துகொண்ட சிலருக்குத் தொற்று உறுதியானதும், பிறகு நகரத்தில் இரண்டாவது அலை எழுந்ததும், பழி முழுக்க ஊர்வலத்தின் மேல் விழுந்தது. அந்தச் சிலர் ஊர்வலத்தில்தான் தொற்றைப் பெற்றார்கள் என்பதற்கோ, அங்கே பரப்பினார்கள் என்பதற்கோ சான்று இல்லை என்று மாநிலச் சுகாதாரத் துறை சொல்லியும் பேச்சு ஓயவில்லை. வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களைத் தனிமைப்படுத்திய இரண்டு ஓட்டல்களிலிருந்து கிருமி வெளியேறியதைப் பிறகு மரபணு ஆய்வு காட்டியது. 700-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட அந்த அலையின் தொற்றுகளில் ஏறக்குறைய எல்லாமே அந்த ஓட்டல்களிலிருந்து கிளைத்தவை என்பது அரசு அமைத்த விசாரணையில் தெரியவந்தது. ஊர்வலம் போனவர்களைத் தூற்றிய அளவுக்கு உரத்த குரலில் இந்தச் செய்தியை யாரும் சொல்லவில்லை.

ஜூலை 4 அன்று, அதே மெல்போர்னில், ஒன்பது அடுக்குமாடி அரசுக் குடியிருப்புகள் முன்னறிவிப்பின்றிப் பூட்டப்பட்டன. உள்ளே இருந்தவர்கள் ஏறத்தாழ 3,000 பேர். பெரும்பாலும் குடியேறிகளும் அகதிகளாக வந்தவர்களும். வாசலில் போலீஸ். உணவும் மருந்தும் வந்துசேர நாளாயிற்று. அது மனித உரிமை மீறல் என்று மாநிலக் குறைதீர் அதிகாரி (ஆம்புட்ஸ்மன்) அந்த ஆண்டு டிசம்பரில் அறிக்கை தந்தார். பெருந்தொற்று விதிகள் எல்லார் மேலும் ஒரே எடையில் இறங்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஊர்வலத்தில் கேட்ட குரலும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

தொற்று பரவவில்லை என்பதால் ஊர்வலம் சரிதான் என்று இன்று சொல்வதும் முறையல்ல. ஜூன் 6 அன்று அது யாருக்கும் தெரியாது. அமெரிக்காவில் 300-க்கும் மேற்பட்ட நகரங்களின் தரவுகளை ஆராய்ந்த பொருளாதார ஆய்வாளர்கள், போராட்டங்களுக்குப் பின் தொற்று எகிறியதற்குச் சான்று காணவில்லை. ஊர்வலத்துக்குப் பயந்து மற்றவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்றும் அவர்களே எழுதினார்கள். அன்று தெரிந்ததை வைத்தே அந்த முடிவை எடைபோட வேண்டும். சிட்னியில் புதிய தொற்று மிகக் குறைவு, கூட்டம் திறந்தவெளியில், நாட்டில் முப்பது ஆண்டுக் காத்திருப்பு. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், போனவர்கள் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன்.

ஜூலை 28 இன்னும் கடினமான நாள். டங்கே குடும்பத்துக்காக மறுபடி சிட்னியில் கூட அழைப்பு வந்தபோது நிலைமை மாறியிருந்தது. மெல்போர்னில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் தொற்று, சிட்னியிலும் ஆங்காங்கே பரவல். உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, இந்த முறை மேல்முறையீடும் தள்ளுபடியானது. தடையை மீறியும் ஆட்கள் வந்தார்கள், அமைப்பாளர் உட்படச் சிலர் கைதானார்கள். கிருமியின் கணக்கை மட்டும் பார்த்தால் அந்தத் தடையை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அதே ஜூலையில் ரக்பி மைதானங்களில் கால் பங்கு இருக்கைகளை நிரப்ப அனுமதி இருந்தது. ஆயிரக்கணக்கானோர் அமர்ந்து ஆட்டம் பார்க்கலாம், இருபது பேருக்கு மேல் நின்று நீதி கேட்கக் கூடாது. ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

இந்த அளவுகோல் எனக்குப் பிடிக்காதவர்களுக்கும் பொருந்த வேண்டும். 2021 ஜூலை 24 அன்று ஊரடங்கை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் சிட்னியில் திரண்டார்கள். டெல்டா வகை நகரத்தில் வேகமாகப் பரவிக்கொண்டிருந்த நேரம், பலர் முகக்கவசமின்றி வந்திருந்தார்கள். அதை நான் தவறென்றே சொல்வேன். அவர்களுடைய கருத்து தவறானது என்பதற்காக அப்படிச் சொல்லக் கூடாது. பரவலின் வேகமும் அவர்கள் கூடிய விதமும் மட்டுமே அதற்குக் காரணமாக இருக்க வேண்டும்.

2020 ஜூன் 5 அன்று தடை விதித்த நீதிபதி, கூடும் உரிமை பறிக்கப்படவில்லை, தள்ளிப்போடப்படுகிறது என்று விளக்கினார். நல்லெண்ணத்தோடு சொன்னார் என்றே நம்புகிறேன். சட்டத்தின் மொழியில் அதில் பிழையும் இல்லை. ஆனால் 1991 முதல் 339 பரிந்துரைகளில் பலவற்றை முழுதாக நிறைவேற்றாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த அரசுகள், அந்தக் குடும்பங்களைப் பார்த்து இன்னும் சில மாதம் பொறுங்கள் என்று சொல்லும் தகுதியை இழந்துவிட்டன.

அடுத்த பெருந்தொற்று வருவதற்குள் விதிகளை எழுதிவைக்க வேண்டும். திறந்தவெளியில் எத்தனை பேர், எவ்வளவு இடைவெளி, எப்போது முழுத் தடை என்பதை ஊர்வலத்துக்கும் வழிபாட்டுக்கும் விளையாட்டுக்கும் இறுதிச்சடங்குக்கும் ஒன்றாகவே எழுத வேண்டும். எந்த நாட்டு அரசானாலும் மக்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும், பெருந்தொற்று இல்லாத இந்த நாள்களிலேயே.

சிட்னிக் கைதுகள் நடந்து இரண்டு நாள் கழித்து, 2020 ஜூலை 30 அன்று, ஆஸ்திரேலிய அரசுகள் பூர்வகுடி அமைப்புகளோடு செய்துகொண்ட ஒரு தேசிய ஒப்பந்தத்தை அறிவித்தன. வயதுவந்த பூர்வகுடியினர் சிறைப்படும் விகிதத்தை 2031-க்குள் குறைந்தது 15 சதவீதம் குறைப்பது அதன் இலக்குகளில் ஒன்று. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் அந்த விகிதம் உயர்ந்திருக்கிறது.