மன்னர் படிக்கக் கூடாத வரலாறு

1404-ஆம் ஆண்டு, வேட்டைக்குப் போன கொரிய மன்னர் தேஜோங் மானைத் துரத்தும்போது குதிரை இடறிக் கீழே விழுந்தார். அடி ஒன்றும் படவில்லை. எழுந்ததும் சுற்றுமுற்றும் பார்த்தவர், வரலாற்றெழுத்தருக்கு இது தெரிய வேண்டாம் என்றார். விழுந்ததும் அப்படிச் சொன்னதும் இரண்டுமே 'ஜோசன் அரச நாளாகம'த்தில் பதிவாகியிருக்கின்றன.

கொரியர்கள் வரலாற்றை இப்படிக் காத்ததன் அருமை, அவர்களுடைய பழங்காலத்தைப் பார்த்தால் புரியும். கி.மு. 108-இல் சீனாவின் ஹான் பேரரசிடம் வீழ்ந்த கோஜோசன் என்ற கொரிய அரசைப் பற்றி இன்று தெரிவதில் பெரும்பகுதி சீனர்கள் எழுதி வைத்ததுதான். பின்னர் கோகுர்யோ, பெக்ஜே, சில்லா என்ற மூன்று அரசுகள் நூற்றாண்டுக் கணக்கில் மோதிக்கொண்டன. ஏழாம் நூற்றாண்டில் சில்லா மற்ற இரண்டையும் வென்றது. அந்த அரசுகள் எழுதிவைத்த வரலாறுகள் அழிந்துவிட்டன. கொரியர் எழுதி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய வரலாற்று நூல், சில்லாவுக்குப் பின் வந்த கோர்யோ ஆட்சியில் கிம் பூசிக் 1145-இல் முடித்த 'சம்குக் சாகி'.

1392-இல் கோர்யோவை அகற்றி எழுந்த ஜோசன் அரசு, மன்னரின் அவையில் எப்போதும் தூரிகையோடு எழுத்தர்களை உட்கார வைத்தது. மன்னர் இறந்த பிறகே குறிப்புகள் தொகுக்கப்படும். தொகுத்து முடிந்ததும் மூலக் குறிப்புகளை ஓடை நீரில் அலசி மையைக் கரைத்துவிடுவார்கள். யார் எதை எழுதினார் என்று பின்னால் வருபவர் தேடிப் பழிவாங்க முடியாது. ஆள்கிற மன்னருக்கும் அந்தப் பதிவுகளைப் பார்க்க உரிமை கிடையாது. ஹங்குல் எழுத்தைத் தந்த மாமன்னர் சேஜோங்கே 1431-இல் தன் தந்தையின் பதிவைப் படிக்க விரும்பினார். அமைச்சர்கள் மறுத்தார்கள், அவரும் விட்டுக்கொடுத்தார். அவருடைய பெருமைகளில் இதையும் சேர்க்க வேண்டும் என்பேன்.

எல்லா மன்னர்களும் அப்படி இல்லை. 1498-இல் யோன்சான்குன், கிம் இல்சோன் என்ற எழுத்தரை அவர் எழுதிய குறிப்புக்காகவே கொன்றார். ஏற்கெனவே இறந்திருந்த அவருடைய ஆசானின் உடலையும் தோண்டி எடுத்துச் சிதைத்தார்கள். எட்டு ஆண்டுகளில் யோன்சான்குன் அரியணை இழந்தார். அவரது ஆட்சிப் பதிவுக்கு 'நாளாகமம்' என்ற தகுதியே தரப்படாமல், வெறும் 'நாட்குறிப்பு' என்று பெயர் சூட்டப்பட்டது.

1592-இல் ஜப்பானியப் படை புகுந்தபோது, நான்கு இடங்களில் வைத்திருந்த நாளாகமப் படிகளில் மூன்று எரிந்துபோயின. மிஞ்சியது ஜோன்ஜூ நகரப் படி மட்டுமே. ஆன் உய், சோன் ஹோங்நோக் என்ற இரு அறிஞர்கள் அந்த ஏடுகளை நெஜாங்சான் மலைக்குக் கொண்டுபோய் ஒளித்து, ஓராண்டுக்கும் மேல் காவல் காத்தார்கள். இருவருமே முதுமையை நெருங்கியவர்கள். அவர்கள் மட்டும் இல்லையென்றால் 13 மன்னர்களின் காலத்தைப் பேசும் நாளாகமம் முழுவதும் மறைந்திருக்கும். போர் முடிந்ததும் அந்த ஒரே படியிலிருந்து புதிதாக அச்சிட்டு, பெரும்பாலானவற்றை எட்டாத மலைகளில் வைத்தார்கள்.

ஆனாலும் இழப்புகள் தொடர்ந்தன. 1910-இல் நாட்டை விழுங்கிய ஜப்பான், ஓடேசான் மலைப் படியை டோக்கியோவுக்குக் கொண்டுபோனது. 1923 நிலநடுக்கத் தீயில் அதன் பெரும்பகுதி கருகியது. தப்பியவற்றில் 47 தொகுதிகள் 2006-இல்தான் திரும்பி வந்தன. கொரியப் போரின்போது இன்னொரு படி பியோங்யாங் போய்ச் சேர்ந்தது. எல்லைக்கு இரு புறமும் பிரிந்து கிடக்கும் ஒரே மக்கள், செவ்வியல் சீன மொழியில் இருந்த அந்த நாளாகமத்தைத் தனித்தனியே இன்றைய கொரிய மொழிக்குப் பெயர்த்தார்கள். தெற்கில் அந்தப் பணி 1968-இல் தொடங்கி 1993-இல் முடிந்தது.

கடைசி இரு மன்னர்களான கோஜோங், சுன்ஜோங் ஆகியோரின் பதிவுகளைத் தொகுத்தது ஜப்பானிய ஆட்சியின் மேற்பார்வையில். அவற்றைக் கொரிய அறிஞர்கள் நாளாகமத்தோடு சேர்த்து எண்ணுவதில்லை. 1997-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றதும், அவர்களுக்கு முந்தைய 25 மன்னர்களின் 472 ஆண்டுகள் மட்டுமே.