முள்ளில்லாச் சப்பாத்திக் கள்ளி

அவிநாசி வட்டாரத்து மேட்டாங்காடுகளில் பங்குனி, சித்திரை வந்துவிட்டால் கால்நடை வைத்திருப்போரின் கவலை ஒன்றே. சோளத்தட்டுப் போர் கரைந்துவிடும். மேய்ச்சல் காட்டில் கொழுக்கட்டைப் புல்லும் காய்ந்துவிடும். அந்நாட்களில் மாட்டிற்குச் சிறிது பச்சை கொடுக்கவல்ல பயிர் முள்ளில்லாச் சப்பாத்திக் கள்ளி. ஜோத்பூர், ஜான்சி ஆகிய ஊர்களிலுள்ள மத்திய அரசு ஆராய்ச்சி நிலையங்கள் இதனை ஆராய்ந்துள்ளன. நம் பக்கத்தில் இது இன்னும் அரிய செடியே. இதனை நட விரும்புவோர் முதலில் இனம் அறிதல் வேண்டும். ஏனெனில் நம் நாட்டில் கள்ளியின் கதையே இனம் தவறியதால் விளைந்த கதை.

கள்ளி என்னும் ஒரே பெயரால் நாம் அழைப்பவை இருவேறு குடும்பங்களைச் சார்ந்தவை. சதுரக்கள்ளியையும் திருகுகள்ளியையும் கீறினால் வெண்பால் வடியும். அது கண்ணிற் பட்டால் பெருந்தீங்கு. இவை ஆமணக்கின் உறவினங்கள். சப்பாத்திக் கள்ளியிலோ பால் வடியாது. அதன் மடல்மீது வரிசையாகப் புள்ளிகள் இருக்கும். அப்புள்ளிகளிலிருந்தே முள்ளும் சுணையும் தோன்றும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த உண்மைக் கள்ளிக் குடும்பத்தின் அடையாளம் இதுவே. தீவனக் கள்ளியின் மடல் வேலிக் கள்ளியினுடையதைவிடப் பெரியது. நீண்ட முள் இராது. எனினும் நுண்சுணை இருக்கக்கூடுமாதலால் வெறுங்கையால் தடவலாகாது.

துணிக்குச் செஞ்சாயம் தரும் கொச்சினீல் பூச்சி இக்கள்ளியின் மீதே வாழ்வது. அப்பூச்சியை வளர்க்கும் நோக்குடன் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் மருத்துவர் சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டம் அமைத்தார். 1795-இல் பிரேசிலிலிருந்து பூச்சி வந்து சேர்ந்தது. ஆனால் வந்தது உயர்ந்த சாய இனமன்று. அதன் தாழ்ந்த உறவினம். சாயத் தொழில் தழைக்கவில்லை. (தழைத்திருந்தால் திருப்பூர்ப் பனியனுக்கு நாமே சிவப்பு வளர்த்திருப்போம்!) எனினும் அப்பூச்சி தென்னாட்டில் ஒருவகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. காடுகழனிகளை அடைத்து நின்ற முட்சப்பாத்தியை மட்டும் அது தீண்டவில்லை. 1926-இல் இலங்கை வழியாக வேறோர் இனப் பூச்சியைக் கொணர்ந்து விட்ட பின்னரே, சில ஆண்டுகளுக்குள் அம்முட்புதர்கள் அழிந்தன.

அன்று நம்மைக் காத்த அப்பூச்சி இன்றும் இங்கே இருக்கிறது. தீவனக் கள்ளியும் அதற்கு உணவே! ஆகவே நடுவதற்கு முன் அண்டையிலுள்ள பழைய சப்பாத்திப் புதர்களைப் பார்த்துவிடுங்கள். மடலில் பஞ்சு ஒட்டினாற்போல் வெண்திட்டு இருந்தால் குச்சியால் நசுக்குக. இரத்தம்போற் சிவந்தால் அதுவே பகைவன். அப்புதரை வெட்டி ஆழப் புதைத்த பின்னரே நடவு. வாங்கும் மடல்களையும் அவ்வாறே சோதித்தல் வேண்டும். பின்னாளில் சிறு திட்டுத் தோன்றினால் சவர்க்கார நீர் தோய்த்த துணியால் தேய்த்து எடுக்கலாம். மிகுந்துவிட்டால் மடலையே நீக்குக.

விதையிலிருந்து வளர்த்தால் முள்ளுள்ள கன்றுகளும் தோன்றும். எனவே மடலையே நடவேண்டும். முற்றிய மடலைக் கணுவில் அறுத்து, வெட்டுவாய் உலரும்வரை இரண்டு, மூன்று வாரம் நிழலில் வைத்திடுக. இதற்குப் பொறுமை இல்லாதவர்களின் மடல்களே பெரும்பாலும் அழுகுகின்றன. பின்னர் மூன்றிலொரு பங்கு மண்ணுள் இருக்குமாறு செங்குத்தாக நடலாம். கடும் உறைபனி இச்செடிக்கு ஆகாது. மடலினுள் உள்ள நீர் உறைந்து அது அழுகிவிடும். அவிநாசியில் அக்கவலை இல்லை. இங்கு அஞ்சவேண்டியது ஐப்பசி, கார்த்திகையில் தேங்கும் நீரையே. களிமண் நிலமாயின் வரப்புப்போல் மேடு கட்டி அதன்மீது நடுக.

மடலில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் நீரே, புரதம் குறைவு. இதனை மட்டும் தின்னும் மாடு கழியும். துண்டு துண்டாக நறுக்கிச் சோளத்தட்டுடன் கலந்து, முதலில் சிறிதளவே கொடுத்துப் பழக்கவேண்டும். அறுக்கும்போது அடிமடலை விட்டுவிட்டால் அதிலிருந்து மீண்டும் துளிர்க்கும்.